பைதனுக்குள்ளே ரஸ்ட்: பைஓ3யும் மெச்சூரினும் பாவித்துப் பார்க்கத் தகுமா?

பைதனில் எழுதிய சேவை ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் ஒரேயொரு லூப் மட்டும் மணிக்கணக்கில் இழுக்கிறது. முழுவதையும் வேறு மொழியில் திருப்பி எழுத நேரமும் இல்லை, ஆளும் இல்லை. அந்த லூப்பை மட்டும் ரஸ்ட் மொழியில் எழுதிக் கொம்பைல் பண்ணி (இயந்திரக் கட்டளையாக மாற்றி), பைதன் அதை வழக்கமான மொட்யூல் மாதிரி இம்போர்ட் செய்துகொள்ள வைக்கும் கருவிச் சோடிதான் பைஓ3யும் மெச்சூரினும். பைஓ3 என்பது இரண்டு மொழிகளுக்கும் நடுவே நின்று பேசும் ரஸ்ட் லைப்ரரி. மெச்சூரின் அதைக் கொம்பைல் பண்ணி, பைதனின் நிறுவல் கருவியான பிப் ஏற்றுக்கொள்ளும் வீல் கோப்பாகக் கட்டித் தருகிறது. இரண்டுக்கும் காசு இல்லை. எம்ஐடி, அப்பாச்சி 2.0 இரண்டில் விரும்பிய உரிமத்தில் எடுக்கலாம்.

மதிப்பெண் 5க்கு 4. ஒட்டும் வேலையை இவ்வளவு சுலபமாக்கிய கருவி வேறில்லை. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் அந்தச் சுலபமேதான்: பைதனுக்கும் ரஸ்ட்டுக்கும் இடையிலான எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் என்ன செலவாகிறது என்பது எழுதிய புரோகிராமைப் பார்த்தால் தெரிவதில்லை.

கொம்பைல் மொழி, இன்டர்பிரிட் மொழி என்று கோடு கீறிப் பிரிப்பது பரீட்சைக்குச் சரி. இம்போர்ட் ஆகும் பைதன் கோப்பும் முதலில் பைட்கோட் என்ற இடைநிலைக் கட்டளைகளாகி, பிவைசி கோப்பில் இருந்துகொண்டுதான் ஓடுகிறது. கொழும்பிலேயே டபிள்யூஎஸ்ஓ2 உருவாக்கிய பலெரினா ஜாவா பைட்கோட்டாகக் கொம்பைல் ஆகிறது. அதை எந்தப் பக்கத்தில் வைப்பது? வேலை என்று வரும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இரண்டு எண்களைக் கூட்டப் பைதன் ஒவ்வொரு முறையும் வகையைப் பார்த்து, அதற்கான பங்ஷனைத் தேடி, விடைக்கு ஒரு பொருளைத் தயார்செய்கிறது. ரஸ்ட் கொம்பைலர் அந்த முடிவுகளை முன்கூட்டியே எடுத்துவிடுவதால், ஓடும்போது மிஞ்சுவது ஓர் இயந்திரக் கட்டளை மட்டுமே.

இந்த மதிப்புரைக்கு எடுத்த வேலை, கொழும்பில் வாடிக்கையாளர் பட்டியல் வைத்திருக்கும் எவருக்கும் பழக்கமானது. 10,000 பெயர்களில் சிவகுமார், சிவக்குமார் என்று இரண்டு தடவை பதிவானவர்களைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பெயரையும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 5 கோடி சோடி. 20 எழுத்துப் பெயர்கள் என்றால், ஒரு சொல்லை மற்றதாக்க எத்தனை திருத்தம் வேண்டும் என்ற தூரத்தை எண்ணும் லெவன்ஷ்டைன் முறையின் அட்டவணையில் சோடிக்கு 400 கட்டம். மொத்தம் 2,000 கோடி கட்டம். பைதனில் கட்டத்துக்கு 100 நானோசெக்கன் என்று வைத்தால் 2,000 செக்கன், அதாவது அரை மணித்தியாலத்துக்கும் மேல். ரஸ்ட்டில் 2 நானோசெக்கன் என்று வைத்தால் 40 செக்கன். நான்கு கோருக்குப் பகிர்ந்தால் 10 செக்கனை ஒட்டி வரும்.

இந்தக் கணக்கைப் பார்த்த உடனேயே ரஸ்ட்டைப் பதிவிறக்கத் தொடங்க வேண்டாம். வெறும் லெவன்ஷ்டைன் போதுமென்றால் ரேப்பிட்ஃபஸ் என்ற லைப்ரரி ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே சி++; பிப்பில் ஒரு வரியில் நிறுவி வேலையை முடித்துக்கொண்டு போகலாம். சொந்த விதி தேவைப்படும்போதுதான் பைஓ3க்கு வேலை வருகிறது: ல, ள, ழ தங்களுக்குள் மாறினால் அரைத் தண்டம், ந, ன, ண மாறினாலும் அப்படியே, ர, ற மாறினால் கால் தண்டம் என்பது மாதிரி. இதை ரேப்பிட்ஃபஸ் ஆயத்தமாகத் தராது.

நிறுவல் லினக்ஸில் பத்து நிமிட வேலை: ரஸ்ட்அப் மூலம் ரஸ்ட், பிப் மூலம் மெச்சூரின். விண்டோஸில் கதை வேறு. மைக்ரோசொஃப்ட்டின் விசுவல் ஸ்டூடியோ பில்ட் டூல்ஸ் இல்லாவிட்டால், லிங்க்.எக்ஸி கிடைக்கவில்லை என்ற பிழையோடு நின்றுவிடும். அந்தப் பொதி பல ஜிபி வரும், டொங்கிளில் இருப்பவர்கள் இரவு டேட்டாவுக்கு விட்டுவிடுவது நல்லது. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருந்தால் அதற்குள் லினக்ஸ் வழியிலேயே போய்விடலாம்.

'மெச்சூரின் நியூ' என்று கொடுத்து பைஓ3யைத் தெரிவுசெய்தால் எலும்புக்கூடு தயார். ரஸ்ட் பங்ஷனுக்கு மேலே 'பைஃபங்ஷன்' என்ற குறி, மொட்யூலுக்கு மேலே 'பைமொட்யூல்' என்ற குறி. பிறகு 'மெச்சூரின் டெவலப்' என்று அடித்தால், இயக்கத்திலுள்ள வேர்ச்சுவல் என்வயர்ன்மென்டுக்குள் (ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய தனிப் பைதன் சூழலுக்குள்) நேரே நிறுவிக்கொள்ளும். அப்படியொன்று இல்லாவிட்டால் மறுத்துவிடும். புதியவர்கள் விழும் குழிகள் ஏறக்குறைய எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கின்றன.

முதலாவது, 'டெவலப்' சும்மா அடித்தால் வருவது பிழை தேடுவதற்கான டிபக் கொம்பைல். அதில் ரஸ்ட்டின் வேகம் கிடைக்காது. ரஸ்ட் பெரிதாக ஒன்றுமில்லை என்று கைவிடுபவர்களில் பாதிப்பேர் இதை வைத்து அளந்தவர்களாகத்தான் இருப்பார்கள். '--ரிலீஸ்' சேர்த்து அடித்த பிறகு அளக்க வேண்டும். அடுத்தது, ரஸ்ட் திட்டத்தின் அமைப்பு விவரம் இருக்கும் கார்கோ கோப்பில் லைப்ரரிக்கு இட்ட பெயரும் பைமொட்யூல் பங்ஷனின் பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் கொம்பைல் நிற்காமல் முடியும், இம்போர்ட்டில்தான் 'பைஇனிட் பங்ஷன் இல்லை' என்று உடையும். இன்னொன்று: ரஸ்ட் புரோகிராமை மாற்றி மறுபடி கொம்பைல் பண்ணினால் பைதனை மூடித் திறக்க வேண்டும். ரீலோட் செய்தால் பழையதுதான் ஓடும். ஜூப்பிட்டர் நோட்புக்கில் கேர்னலை (பின்னால் ஓடும் பைதனை) ரீஸ்டார்ட் பண்ண மறந்துவிட்டு, திருத்திய பிழை ஏன் இன்னும் இருக்கிறது என்று தேடுவது எல்லோருக்கும் ஒரு தடவையாவது வரும்.

இனி எல்லைச் செலவு. பேலியகொடையில் ஏறிக் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போனால் கட்டணம் வாகனத்துக்குத்தான், உள்ளே இருக்கும் சாமானுக்கு இல்லை. ஒரு பார்சலுக்கு ஒரு வான் என்று அனுப்புபவர் நட்டப்படுவார். பைதனிலிருந்து ரஸ்ட்டுக்கு ஓர் அழைப்பு, சாதாரண மடிக்கணினியில், சில பத்து நானோசெக்கனிலிருந்து நூறு வரை எடுக்கும். மேலே சொன்ன பெயர் ஒப்பீட்டில் ஒரு சோடிக்கு 400 கட்டம், அதாவது 800 நானோசெக்கன் வேலை இருப்பதால், சோடி சோடியாக அழைத்தாலும் தாங்கும். ஆனால் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபார்ப்பதை எடுத்துப் பாருங்கள். பழைய 9 இலக்கமும் வீ அல்லது எக்ஸ் எழுத்தும், புதிய 12 இலக்கம். பிறந்த ஆண்டு, ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500. சில கழித்தல், சில ஒப்பீடு, அவ்வளவுதான் வேலை. இதை ஒவ்வொன்றாக ரஸ்ட்டுக்கு அனுப்பினால் போக்குவரத்துச் செலவு வேலையை விழுங்கிவிடும். 10,000 இலக்கங்களையும் ஒரே பட்டியலாகக் கொடுத்து ஒரே பட்டியலாகத் திருப்பி வாங்கினால் மட்டுமே பலன்.

பட்டியலாகக் கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரஸ்ட் பங்ஷன் 'வெக்' (ரஸ்ட்டின் பட்டியல்) வகையைக் கேட்டால், பைதன் லிஸ்ட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் பைஓ3 திறந்து பார்த்துக் கொப்பி எடுக்கும். பத்து இலட்சம் தசம எண்கள் பைதன் லிஸ்ட்டில் 32 எம்பி: எண் பொருளுக்கு 24 பைட், லிஸ்ட்டிலுள்ள சுட்டிக்கு 8 பைட். ரஸ்ட் பக்கத்தில் இன்னொரு 8 எம்பி. எண்கள் பைதனின் எண் லைப்ரரியான நம்பையில் இருந்தால் அந்த 8 எம்பி மட்டும்தான், அதையும் ரஸ்ட்டின் நம்பை லைப்ரரி வழியாகக் கொப்பியே இல்லாமல் வாசிக்கலாம். எண் வேலைக்கு இதைவிட்டு வேறு வழியை யோசிக்கவே வேண்டாம்.

தமிழ் எழுத்துகள் வரும்போதுதான் இந்தச் சோடியின் உண்மையான சோதனை. ஆங்கிலப் பெயர்களை வைத்து எழுதிய டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டும், தமிழ் போனதும் சிவக்கும். 'கொழும்பு' என்ற சொல்லையே எடுங்கள். வாசிப்பவருக்கு 4 எழுத்து: கொ, ழு, ம், பு. பைதன் நீளம் கேட்டால் 8 என்கிறது, ஏனென்றால் க, ொ, ழ, ு, ம, ், ப, ு என்று யுனிகோட் குறிகளை எண்ணுகிறது. ரஸ்ட் நீளம் 24 என்கிறது. அது யூடிஎஃப்-8 பைட் கணக்கு, தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். இப்போது ரஸ்ட்டில் 'ழ' எங்கே தொடங்குகிறது என்று தேடினால், பூச்சியத்திலிருந்து எண்ணி, விடை 6. அதை அப்படியே பைதனுக்குத் திருப்பிக் கொடுத்து, 6ஆம் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் 'ப' வரும். பிழைச்செய்தி எதுவும் இல்லை, தவறான எழுத்து மட்டும் வரும். இடங்களைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் ரஸ்ட்டிலேயே குறி எண்ணிக்கைக்கு மாற்றிக் கொடுங்கள். அதைவிட நல்லது, இடத்தைக் கொடுக்காமல் வெட்டிய துண்டையே கொடுப்பது.

ஒப்பீட்டுக்கு எழுத்து வேண்டுமா, குறி வேண்டுமா என்பதையும் முதலே முடிவுசெய்ய வேண்டும். ரஸ்ட்டின் யுனிகோட் செக்மென்டேஷன் லைப்ரரி 'கொழும்பு'வை 4 துண்டாகவே பிரித்துத் தரும், தமிழுக்கு அதுதான் பொருத்தம். பெயர்களை ஒரே தடவை பிரித்து வைத்துக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள். 5 கோடி தடவை பிரித்தால் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கேயே போய்விடும்.

இலங்கைத் தரவில் இதற்கும் மேலே ஒரு சிக்கல், பாமினி. பழைய பட்டியல்கள் பல, யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்றப்பட்டவை. அரைகுறையான மாற்றியில் போட்டால் 'கொ' என்பது க, ெ, ா என்று மூன்று குறியாக வந்து நிற்கும். திரையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் 'கொழும்பு' இப்போது 9 குறி, 27 பைட். குறிகளை எண்ணி ஒப்பிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்களுக்கு இடையே தூரம் 2. எல்லையைக் கடக்கும் முன்பே பைதனின் யுனிகோட்டேட்டா மொட்யூலால் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். சிங்களப் பெயர்களில் 'ஸ்ரீ' மாதிரியான கூட்டெழுத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று இருக்கும். அது சில பதிவுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது, என்எஃப்சியும் அதைத் தொடாது. அதை வைப்பதா நீக்குவதா என்பதை நீங்களே முடிவுசெய்ய வேண்டும்.

ரஸ்ட்டில் தமிழ் ஸ்ட்ரிங்கை 4ஆம் பைட்டில் வெட்டச் சொன்னால், அது ஒரு குறியின் நடுவே விழுவதால் பெனிக் ஆகும், அதாவது ஓட்டம் திடீரென்று முறியும். பைஓ3 அதைப் பிடித்து 'பெனிக் எக்செப்ஷன்' என்று பைதனுக்குக் கொடுக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் அந்த வகை பைதனின் சாதாரண 'எக்செப்ஷன்' பரம்பரையில் பிறந்ததில்லை, நேரே 'பேஸ்எக்செப்ஷன்' பிள்ளை. எல்லாப் பிழையையும் பிடித்து லொக் கோப்பில் எழுதிவிட்டு அடுத்த பதிவுக்குப் போகும் லூப் ஒன்று வைத்திருந்தால், இந்தப் பிழை அதன் கையில் அகப்படாமல் மேலே போய் மொத்த வேலையையும் நிறுத்தும். பெனிக்கை நம்பியிருக்காமல் ரஸ்ட் பங்ஷன்கள் 'ரிசல்ட்' (விடை அல்லது பிழை) திருப்பித் தரும்படி எழுதினால் பைதனில் முறையான பிழையாக வந்து சேரும். ரிலீஸ் புரொஃபைலில் பெனிக்குக்கு 'அபோர்ட்' என்று வைத்துவிட்டால் பைதன் பக்கத்துக்குச் செய்தியே வராது, புரோசஸ் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

காசுக் கணக்கை ரஸ்ட்டுக்குள் கொண்டுபோகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பைதன் முழு எண்ணுக்கு எல்லை இல்லை. ரஸ்ட்டில் 32 பிட் எண் எடுத்துச் சதக் கணக்கில் வைத்தால் 2,147,483,647 சதத்தோடு முடிந்துவிடும். அது ரூபாவில் 2 கோடி 14 இலட்சத்துச் சொச்சம், கொழும்பில் ஒரு வீட்டு விலையே அதைத் தாண்டும். எல்லையில் கொடுக்கும்போது எண் பெரிதாக இருந்தால் பைஓ3 ஓவர்ஃப்ளோ பிழை தரும். உள்ளே கூட்டும்போது தாண்டினால் டிபக்கில் பெனிக், ரிலீஸில் சத்தமில்லாமல் மறையெண்ணாகச் சுற்றிவிடும். 64 பிட் எடுங்கள், ரிலீஸ் புரொஃபைலில் 'ஓவர்ஃப்ளோ செக்ஸ்' என்பதையும் போட்டுவையுங்கள்.

நான்கு கோரையும் பாவிக்க வேண்டுமென்றால் பைதனின் கில் என்ற ஒற்றைப் பூட்டை விட்டுக்கொடுப்பதே பாதுகாப்பு; ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை (இணையாக ஓடும் வேலையை) மட்டும் பைதனைத் தொட விடுவது அது. பைஓ3 0.26 பதிப்பிலிருந்து அதற்கு 'டிடாச்' என்று பெயர், அதற்கு முன்பு 'அலவ் த்ரெட்ஸ்'. உள்ளே ரேயோன் லைப்ரரியால் வேலையைப் பிரிக்கலாம். பூட்டை விடாமல் ரேயோனைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளை த்ரெட்கள் பைதனிடம் ஏதாவது கேட்டால், அவை பூட்டுக்காகக் காத்திருக்கும்; பூட்டை வைத்திருக்கும் தாய் த்ரெட் அவை முடியும்வரை காத்திருக்கும். சிபியு பாவனை பூச்சியம், புரோகிராம் உயிரோடு, ஆனால் எதுவும் நகராது. பைதன் லொக் எழுதும் ஒரு வரி உள்ளே ஒளிந்திருந்தாலே இது நடக்கப் போதும். இன்னுமொன்று, ரஸ்ட் லூப் நீளமாக ஓடும்போது கன்ட்ரோல்-சி வேலை செய்யாது. சில ஆயிரம் சுற்றுக்கு ஒரு தடவை 'செக் சிக்னல்ஸ்' அழைத்தால் செய்யும்.

சேர்வருக்கு அனுப்புவதில் மெச்சூரின் உண்மையிலேயே வாங்கிய காசுக்கு வேலை செய்கிறது, காசு வாங்காவிட்டாலும். 1 ஜிபி ராம் உள்ள மலிவு விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சேர்வரில்) கொம்பைல் பண்ண முயல வேண்டாம். துண்டுகளை இணைக்கும் லிங்க் கட்டத்தில் ராம் போதாமல், லினக்ஸ் அதைக் கொல்லும் சிக்னல் 9 வாங்கி நிற்கலாம். மடிக்கணினியிலோ கிட்ஹப் அக்ஷன்ஸிலோ வீலைக் கட்டி அனுப்புங்கள். அக்ஷன்ஸுக்கான கோப்பையும் மெச்சூரினே எழுதித் தரும். உபுண்டு 24.04இல் கட்டிய வீல் பழைய சேர்வரில் 'இந்த மேடைக்கு ஏற்றதில்லை' என்று மறுக்கப்பட்டால் காரணம் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் பதிப்பு. '--ஸிக்' தெரிவோடு, தேவையான மெனிலினக்ஸ் (பல லினக்ஸ்களுக்கும் பொதுவான வீல் தரம்) பதிப்பைச் சொல்லிக் கட்டினால் தீரும். 'ஏபிஐ3' அம்சத்தை இயக்கினால் ஒரே வீல் பல பைதன் பதிப்புகளுக்கும் போதும். கில் இல்லாத பைதன் 3.14 வரை அதில் சேராது, அதற்குத் தனி வீல் வேண்டும். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸில் கொன்டெய்னர் பாவிப்பவர்கள் அதற்குரிய மஸ்ல்லினக்ஸ் வீலும் சேர்த்துக் கட்ட வேண்டும். 2021இல் கிரிப்டோகிராஃபி லைப்ரரியின் 3.4 பதிப்பு ரஸ்ட் கேட்கத் தொடங்கியபோது ஆல்பைனில் நிறுவல்கள் உடைந்து பெரிய சண்டையே நடந்தது.

பெரிய குறை, பதிப்பு மாற்றங்கள். பைஓ3 இன்னும் 1.0 ஆகவில்லை. 0.21இல் பைதன் பொருள்களைக் கையாள 'பவுண்ட்' என்ற புதிய வழி வந்தது, பழைய வழி பிறகு முழுதாகப் போனது, 0.26இல் பெயர்கள் மாறின. 2023இல் எழுதிய பாடத்தைக் கொப்பி பண்ணினால் இன்றைக்குக் கொம்பைல் ஆகாது. கார்கோ கோப்பில் பதிப்பைக் கட்டிவைத்து, அந்தப் பதிப்புக்கான ஆவணத்தை மட்டும் படியுங்கள். பைடன்டிக் 2, போலார்ஸ் போன்ற பிரபல பைதன் லைப்ரரிகளெல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன, ஆகவே திடீரென்று கைவிடப்படும் பயம் இல்லை.

மாற்றுகள்: கையில் ஏற்கெனவே சி++ இருந்தால் பைபைண்ட்11, புதிதாகத் தொடங்கினால் அதே ஆசிரியரின் நானோபைண்ட். எண் லூப் மட்டுமென்றால், பைதன் பங்ஷனையே கொம்பைல் பண்ணும் நம்பா போதும், புது மொழியே தேவையில்லை. சிடைப்ஸ் பைதனோடு வருவதால் சின்ன வேலைக்குக் கை போகும். ஆனால் திரும்பும் வகையைச் சொல்ல மறந்தால் அது 32 பிட் முழு எண் என்று எடுத்துக்கொண்டு 64 பிட் சுட்டியை அரைவாசியாக வெட்டிவிடும், பிறகு செக்மென்டேஷன் ஃபோல்ட், அதாவது தவறான நினைவக இடத்தைத் தொட்டுப் புரோகிராம் விழும்.

ஆள் விஷயமும் பார்க்க வேண்டியதுதான். உயர்தர ஐசிடி பாடத்திலேயே பைதன் இருப்பதால் பைதன் தெரிந்தவர்களைக் கொழும்பில் தேடி அலைய வேண்டியதில்லை, ரஸ்ட் தெரிந்தவர் அப்படிக் கிடைக்க மாட்டார். அதனால் பழைய பைதன் லூப்பை அழித்துவிடாமல், அதே பங்ஷன் பெயரில் வேறொரு கோப்பில் வைத்திருங்கள். ரஸ்ட் மொட்யூல் இம்போர்ட் ஆகாவிட்டால் அது ஓடட்டும், மெதுவாக என்றாலும் விடை வரும். டெஸ்ட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்களைக் கொடுத்து விடைகளை ஒப்பிடுங்கள், அந்தப் பெயர்களில் பாமினியிலிருந்து வந்த ஒரு 'கொழும்பு'வும் இருக்கட்டும்.